நோய் ஆய்வுக்கான ஜீனோடைப்பிங்: முறையைத் தேர்வதும் தரவைச் சோதிப்பதும்

ஒரு மரபணு மாறுபாட்டுக்கும் ஒரு நோய்க்கும் தொடர்பு உண்டா என்று ஆராயப் புகுபவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது, ஜீனோடைப் (அதாவது அந்த மாறுபாடு உள்ள இடத்தில் ஒருவரிடம் இருக்கும் இரண்டு டி.என்.ஏ. எழுத்துகள்; தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று) என்பதும் ஓர் அளவீடே என்பதாகும். ஆய்வகக் கருவி நமக்குத் தருவது ஒளிரும் சாயத்தின் செறிவையோ, டி.என்.ஏ. துண்டின் நீளத்தையோ, டி.என்.ஏ.வை எழுத்தெழுத்தாகப் படிக்கும் வரிசையாக்கத்தில் கிடைத்த துணுக்குகளின் எண்ணிக்கையையோதான். அதைக் கொண்டு ஒரு மென்பொருள் "இவருக்கு ஏஏ, இவருக்கு ஏஜி, இவருக்கு ஜிஜி" என்று தீர்மானிக்கிறது. அந்தத் தீர்மானத்தில் வரும் பிழை நோயாளிகளிடமும் ஒப்பீட்டுக் குழுவிடமும் ஒரே அளவில் விழுந்தால் ஆய்வின் வலிமை சற்றுக் குறையும். ஒரு குழுவில் மட்டும் கூடுதலாக விழுந்தாலோ, இல்லாத தொடர்பு ஒன்று மிக உறுதியான எண்களோடு வந்து நிற்கும். முதல் ஆய்வைத் திட்டமிடும் ஆராய்ச்சி மாணவர்களையும் மருத்துவர்களையும் கருத்தில் கொண்டு, முறையைத் தேர்வது முதல் தரவைச் சேமிப்பது வரை செய்ய வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

கேள்வியை முதலில் தெளிவாக்குங்கள்

மனித ஜீனோமின் ஒரு தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. 26 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரின் டி.என்.ஏ.வை ஆராய்ந்து 2015இல் நிறைவுற்ற ஆயிரம் ஜீனோம் திட்டத்தின்படி, ஒருவரின் ஜீனோம், ஒப்பிடுவதற்கு அளவுகோலாக வைத்துள்ள மேற்கோள் ஜீனோமிலிருந்து சுமார் 41 முதல் 50 லட்சம் இடங்களில் வேறுபடுகிறது. இவற்றில் மிகப் பெரும்பாலானவை ஓர் எழுத்து மாறுவதோ, சில எழுத்துகள் கூடுவதோ குறைவதோதான். பெரிய துண்டுகள் நீங்குதல், இரட்டித்தல், திரும்பி அமைதல் போன்ற கட்டமைப்பு மாறுபாடுகள் ஒருவரிடம் 2,100 முதல் 2,500 வரையே காணப்பட்டாலும், அவை தொடும் எழுத்துகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 2 கோடி.

இவ்வளவு மாறுபாடுகளுள் எதைத் தேடுகிறோம் என்பதே முறையை முடிவு செய்கிறது. ஏற்கெனவே அறியப்பட்ட ஒன்றிரண்டு மாறுபாடுகளை ஆயிரம் பேரிடம் பார்க்க வேண்டுமானால் ஒற்றை மாறுபாட்டுச் சோதனை போதும். பரவலாகக் காணப்படும் மாறுபாடுகளுள் எது நோயோடு தொடர்புடையது என்று தெரியாதபோது, பல லட்சம் இடங்களைச் சோதிக்கும் சிறு தகடான சிப் பொருந்தும். ஒரு குடும்பத்தில் மட்டும் வரும் அரிய நோய்க்குக் காரணம் தேடும்போது வரிசையாக்கமே தேவை. கையிலிருக்கும் கருவிக்கேற்பக் கேள்வியை வளைக்கும் பழக்கம் பல ஆய்வகங்களில் உண்டு. அப்படிச் செய்யும்போது, பதில் கிடைக்க வாய்ப்பில்லாத இடத்தில் மாதிரிகள் வீணாகின்றன.

ஒற்றை மாறுபாட்டுச் சோதனை: அரிவாள் செல் நோயை முன்வைத்து

பழைய முறையானாலும், வெட்டு நொதியைக் கொண்டு ஜீனோடைப் பார்ப்பதை ஒருமுறையாவது கையால் செய்து பார்ப்பது நல்லது. அளவீடு எங்கே பிசகும் என்பது அதில் கண்ணுக்கு நேராகத் தெரியும். அரிவாள் செல் நோயில் பீட்டா குளோபின் மரபணுவின் ஆறாவது மும்மை (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துத் தொடர்) ஜிஏஜி என்பதிலிருந்து ஜிடிஜி ஆகிறது. அதனால் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் வந்து அமர்கிறது. எம்எஸ்டி-2 என்னும் நொதி சிசிடி என்று தொடங்கி, எந்த எழுத்தானாலும் ஓர் எழுத்தை இடையில் ஏற்று, ஏஜிஜி என்று முடியும் தொடரை வெட்டும். இயல்பான அல்லீலில் (அல்லீல் என்பது ஒரே இடத்தில் காணப்படும் மாற்று வடிவங்களுள் ஒன்று) அந்தத் தொடர் இருக்கிறது, அரிவாள் அல்லீலில் இல்லை. எனவே பி.சி.ஆர். மூலம் பெருக்கிய துண்டை இந்த நொதியிட்டு, துண்டுகளை நீளத்தின்படி பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினால், இயல்பானவருக்கு இரண்டு சிறு பட்டைகளும், இரு அல்லீல்களும் மாறியவருக்கு வெட்டப்படாத ஒரே பட்டையும், ஓர் அல்லீல் மட்டும் மாறியவருக்கு மூன்று பட்டைகளும் தெரியும்.

இங்கே இரண்டு பொறிகள் உள்ளன. முதலாவது, வெட்டப்படாத பட்டை அரிவாள் அல்லீலையும் குறிக்கலாம், நொதி வேலை செய்யாததையும் குறிக்கலாம். அதனால் எல்லோரிடமும் வெட்டப்படக்கூடிய இன்னொரு வெட்டிடமும் துண்டுக்குள் வருமாறு பிரைமர்களை (பெருக்க வேண்டிய பகுதியின் இரு முனைகளிலும் ஒட்டும் சிறு டி.என்.ஏ. துண்டுகளை) அமைக்க வேண்டும். அந்த இடமும் வெட்டப்படாதிருந்தால் முடிவைத் தள்ளிவிடலாம். இரண்டாவது பொறி இன்னும் நுட்பமானது. ஹீமோகுளோபின் சி என்னும் மாறுபாட்டில் அதே மும்மை ஏஏஜி ஆகிறது. மாறிய எழுத்து, நொதி எதையும் ஏற்றுக்கொள்ளும் அந்த இடையிடத்தில் விழுவதால் வெட்டு வழக்கம்போல் நடந்து, அந்த மாறுபாட்டை உடையவர் இயல்பானவராகவே தெரிவார். ஒரு சோதனை எதைக் காணும் என்பதோடு எதைக் காணாது என்பதையும் எழுதி வைத்துவிட்டுத்தான் மாதிரிகளைத் தொட வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இன்று நூற்றுக்கணக்கான மாதிரிகளுக்குப் பெரும்பாலும் டாக்மேன் போன்ற ஒளிர்வு முறைகளே பயன்படுகின்றன. ஒவ்வோர் அல்லீலுக்கும் ஒரு சாயம். இரு சாயங்களின் செறிவையும் இரு அச்சுகளில் இட்டால் மாதிரிகள் மூன்று கொத்துகளாகப் பிரியும். மாதிரிகளை இடும் குழிகள் கொண்ட ஒவ்வொரு தட்டிலும் டி.என்.ஏ. இடாத குழிகள் சிலவும், ஜீனோடைப் முன்பே அறியப்பட்ட மாதிரிகள் சிலவும், திரும்பச் செய்யும் மாதிரிகளாக 5 முதல் 10 சதவீதமும் இருக்கட்டும். கொத்துகளுக்கு இடையே தனித்து நிற்கும் புள்ளிகளை மென்பொருள் ஏதாவது ஒரு பக்கம் சேர்க்க முற்படும். அவற்றை "தீர்மானிக்க இயலவில்லை" என்று விட்டுவிடுவதே நேர்மையானது.

அல்சைமர் நோய் ஆய்வுகளில் வரும் ஏபிஓஇ மரபணுவைப் பார்ப்பவர் இரண்டு மாறுபாடுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆர்எஸ்429358 என்ற இடத்திலும் ஆர்எஸ்7412 என்ற இடத்திலும் டி, டி என்று வந்தால் இ2. டி, சி என்று வந்தால் இ3. சி, சி என்று வந்தால் இ4. இரண்டு இடங்களிலும் கலப்பு அல்லீல் (இரு குரோமோசோம்களிலும் வெவ்வேறு எழுத்து) உடைய ஒருவருக்கு எந்த எழுத்து எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்பதை இந்தச் சோதனை சொல்வதில்லை. நான்காவது சேர்க்கை மிக அரிது என்பதால் அவரை இ2/இ4 என்று கொள்கிறோம். அது அனுமானம் என்பதைத் தரவுக் குறிப்பில் பதிவு செய்துவிடுங்கள்.

சிப்: எங்கே வலுவானது, எங்கே நம்பக்கூடாது

சிப் ஒன்றில் பல லட்சம் மாறுபாடுகளை ஒரே வேளையில் பார்க்கலாம். அருகருகே உள்ள மாறுபாடுகள் தலைமுறைகளாகச் சேர்ந்தே கடத்தப்படுவதால், நேரடியாக அளக்காதவற்றையும் மேற்கோள் தொகுப்பு ஒன்றைக் கொண்டு கணித்து நிரப்ப முடிகிறது. 2005இல் வயது முதிர்வால் வரும் விழித்திரை நோயைப் பற்றிய ஆய்வு ஒன்று, 96 நோயாளிகளையும் 50 ஒப்பீட்டாளர்களையும் மட்டும் கொண்டு, நோய்க்கும் சிஎஃப்எச் மரபணுவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தது. இதைப் படித்துவிட்டுச் சிறு எண்ணிக்கையில் ஆய்வு தொடங்குவோர் உண்டு. அந்த மாறுபாட்டின் விளைவு வழக்கத்துக்கு மாறாகப் பெரியது. பெரும்பாலான பொது நோய்களில் ஒவ்வொரு மாறுபாட்டின் பங்கும் மிகச் சிறியது. 2007இல் பிரித்தானிய வெல்கம் டிரஸ்ட் கூட்டமைப்பு ஏழு நோய்களுக்காக 14,000 நோயாளிகளையும் 3,000 பொது ஒப்பீட்டாளர்களையும் எடுத்துக்கொண்டது. அதற்குப் பின் வந்த ஆய்வுகள் லட்சக்கணக்கானோரை நோக்கி நகர்ந்துவிட்டன.

சிப்பின் பலவீனம் அரிய மாறுபாடுகளில் வெளிப்படுகிறது. ஆயிரக்கணக்கானோரில் ஒருவரிடம் மட்டும் ஒரு மாறுபாடு இருந்தால் அந்தக் கொத்தில் ஒரே ஒரு புள்ளிதான் இருக்கும். அது உண்மையான ஜீனோடைப்பா, தரம் குறைந்த மாதிரியின் சிதறலா என்று மென்பொருளால் பிரித்தறிய முடியாது. யுகே பயோபேங்க் என்னும் பிரித்தானிய ஆய்வுத் தொகுப்பில் ஏறத்தாழ 50,000 பேரின் சிப் முடிவுகளை வரிசையாக்கத்தோடு ஒப்பிட்டு 2021இல் வெளியான ஆய்வில், ஒரு லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவான அல்லீல் அதிர்வெண் கொண்ட மாறுபாடுகளைச் சிப் "உண்டு" என்று சொன்னவற்றில் 16 சதவீதமே உறுதியாயின. எனவே சிப் காட்டும் அரிய, நோய் உண்டாக்கும் மாறுபாட்டை வேறொரு முறையால் உறுதி செய்யாமல் எவரிடமும் தெரிவிக்கக் கூடாது. அதைக் கேட்டு அறுவை சிகிச்சைக்கு முடிவெடுக்கும் ஒருவர் மறுமுனையில் இருக்கலாம்.

வரிசையாக்கத் தரவின் ஒரு வரியைப் படிப்பது

புரதம் உருவாக்கும் பகுதிகளை மட்டும் படிக்கும் எக்ஸோம் முறை ஜீனோமில் ஒன்றிரண்டு சதவீதத்தையே தொடுகிறது. முழு ஜீனோமை ஒவ்வோர் இடத்திலும் சராசரியாக 30 முறை படிப்பது பரவலான வழக்கம். எதுவானாலும் முடிவு, மாறுபாடுகளை வரிக்கு ஒன்றாகப் பட்டியலிடும் வி.சி.எஃப். கோப்பாகக் கையில் வரும். அதில் 0/1 (மேற்கோள் எழுத்து ஒன்று, மாறிய எழுத்து ஒன்று) என்று எழுதியிருப்பதைக் கண்டவுடன் "கலப்பு அல்லீல்" என்று முடிவு கட்டாமல், அருகிலுள்ள அல்லீல் எண்ணிக்கையைப் பாருங்கள். 28,3 என்று இருந்தால், 31 துணுக்குகளில் மூன்று மட்டுமே மாறிய எழுத்தைக் காட்டியிருக்கின்றன என்று பொருள். இரு குரோமோசோம்களில் ஒன்றில் மாறுபாடு இருந்தால் ஏறக்குறையப் பாதித் துணுக்குகளில் அது தெரிய வேண்டும். பத்தில் ஒரு பங்கு என்பது மாதிரி கலந்துவிட்டதையோ, துணுக்குகள் தவறான இடத்தில் பொருத்தப்பட்டதையோ, உடலின் சில செல்களில் மட்டும் நிகழ்ந்த மாற்றத்தையோ காட்டலாம். அந்த இடத்தில் துணுக்குகள் அடுக்கப்பட்டிருக்கும் படத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும்.

சில மாறுபாடுகள் குறுந்துணுக்கு வரிசையாக்கத்துக்கு எளிதில் பிடிபடுவதில்லை. ஹண்டிங்டன் நோயில் சிஏஜி என்னும் மும்மை எத்தனை முறை திரும்ப வருகிறது என்பதே கேள்வி. 36ஐத் தொட்டால் நோய் வரலாம், 40ஐத் தொட்டால் உறுதி. இதற்குத் துண்டின் நீளத்தை நேரடியாக அளக்கும் முறையே நம்பத்தக்கது. மருந்துகளைச் சிதைக்கும் சிஒய்பி2டி6 மரபணுவுக்கு அருகில் அதை ஒத்த போலி மரபணு இருப்பதால் அங்கேயும் தனிக் கவனம் வேண்டும்.

மாதிரிகளைத் தட்டில் அமைப்பது

இது சிறிய வேலையாகத் தோன்றும். ஆனால் இங்கே நேரும் தவறைப் பின்னால் எந்தப் புள்ளியியலாலும் முழுமையாகச் சரிசெய்ய இயலாது. நோயாளிகள் ஒரு தட்டிலும் ஒப்பீட்டாளர்கள் இன்னொரு தட்டிலும் இருந்தால், தட்டுகளுக்கு இடையிலான வேறுபாடு முழுவதும் நோயின் வேறுபாடாகவே தெரியும். ஒவ்வொரு தட்டிலும் இரு குழுவினரும் கலந்து இருக்க வேண்டும். யாருக்கு எந்தக் குழி என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்ய வேண்டும். ஒரு குழுவுக்கு இரத்தத்திலிருந்தும் மறு குழுவுக்கு உமிழ்நீரிலிருந்தும் டி.என்.ஏ. எடுப்பதையும், வெவ்வேறு சிப் வகைகளைப் பயன்படுத்துவதையும் தவிர்க்க வேண்டும். நூறு வயதைக் கடந்தவர்களின் மரபணுக்களைப் பற்றி 2010இல் முன்னணி இதழ் ஒன்றில் வெளிவந்த ஆய்வு 2011இல் திரும்பப் பெறப்பட்டது. பயன்படுத்திய சிப்களில் ஒன்றில் இருந்த தொழில்நுட்பப் பிழைகளும் போதாத தரச் சோதனையும் அதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன.

தரச் சோதனை

பிளிங்க் போன்ற மென்பொருளில் இதன் பெரும்பகுதியைச் சில கட்டளைகளில் முடித்துவிடலாம். 95 முதல் 98 சதவீத மாதிரிகளிலாவது தீர்மானம் கிடைக்காத மாறுபாடுகளையும், அதே அளவு மாறுபாடுகளில் தீர்மானம் கிடைக்காத மாதிரிகளையும் நீக்குங்கள். எக்ஸ் குரோமோசோமின் தரவு காட்டும் பாலினமும் பதிவேட்டில் உள்ள பாலினமும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தாத மாதிரிகள் பெரும்பாலும் குழாய்கள் இடம் மாறியதன் அடையாளம், அவை இருந்த தட்டு முழுவதையும் சந்தேகிக்க வேண்டும். ஒரே மாதிரி இருமுறை வந்திருப்பதையும் அறியாமல் சேர்ந்த நெருங்கிய உறவினர்களையும் கண்டறிந்து ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதன்மைக் கூறு பகுப்பாய்வின் மூலம் மக்கள் குழு வேறுபாட்டைக் கணக்கிடுங்கள். நோயாளிகள் ஒரு மக்கள் குழுவிலிருந்தும் ஒப்பீட்டாளர்கள் இன்னொன்றிலிருந்தும் அதிகமாக வந்திருந்தால், நோயோடு சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான மாறுபாடுகள் தொடர்புடையவை போல் தோன்றும்.

ஹார்டி-வைன்பெர்க் சமநிலைச் சோதனையைச் சற்று விரிவாகப் பார்ப்போம். அல்லீல்களின் அதிர்வெண்ணைக் கொண்டு எதிர்பார்க்கும் ஜீனோடைப் எண்ணிக்கையும் உண்மையில் கண்ட எண்ணிக்கையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே அது. 500 ஒப்பீட்டாளர்களில் ஏஏ 300 பேர், ஏஜி 120 பேர், ஜிஜி 80 பேர் என்று முடிவு வந்ததாகக் கொள்ளுங்கள். மொத்தம் 1,000 அல்லீல்களில் ஏ 720, ஜி 280. எனவே எதிர்பார்க்க வேண்டியது ஏஏ 500 × 0.72 × 0.72, அதாவது சுமார் 259. ஏஜி 500 × 2 × 0.72 × 0.28, அதாவது சுமார் 202. ஜிஜி சுமார் 39. கலப்பு அல்லீல் உடையவர்களில் ஏறத்தாழ 82 பேரைக் காணவில்லை. எதிர்பார்த்ததற்கும் கண்டதற்கும் உள்ள விலகலை அளக்கும் கை-வர்க்க மதிப்பு 82ஐ ஒட்டி வருகிறது. தற்செயலாக இது நிகழ வாய்ப்பே இல்லை. பிரைமரோ, சாயம் தாங்கிய ஒளிர்வு ஆய்வியோ ஒட்ட வேண்டிய இடத்தில் இன்னொரு மாறுபாடு இருந்து, ஒரு குரோமோசோம் மட்டும் பெருகாமல் போயிருக்கலாம். அப்போது ஏஜி உடையவர் ஏஏ என்றோ ஜிஜி என்றோ பதிவாவார். கொத்துகளின் எல்லை தவறாக வரையப்பட்டிருக்கலாம். வேறுபட்ட இரு மக்கள் குழுக்கள் ஒன்றாகக் கலந்திருந்தாலும் இதே குறைவு தெரியும். மாறாக, கலப்பு அல்லீல் அளவுக்கு மீறி அதிகமாக இருந்தால், ஏறக்குறைய ஒரே மாதிரியான இரு பகுதிகள் ஒன்றாகப் படிக்கப்பட்டிருக்கக்கூடும். பெரிய ஆய்வுகளில் பி-மதிப்பு (இத்தகைய விலகல் தற்செயலாக நிகழும் வாய்ப்பு) 10⁻⁶க்குக் கீழே போகும் மாறுபாடுகளை நீக்குவது வழக்கம். இந்தச் சோதனையை ஒப்பீட்டாளர்களிடமே கடுமையாகச் செய்ய வேண்டும். நோயோடு உண்மையிலேயே தொடர்புள்ள மாறுபாடு நோயாளிகளிடம் சமநிலையிலிருந்து விலகுவது இயல்பு.

இழையும் பதிப்பும்

வெவ்வேறு ஆய்வகங்களின் தரவை இணைக்கும்போது மிகுதியாக நேரும் குழப்பம் இதுவே. டி.என்.ஏ.வின் ஓர் இழையில் ஏ என்றால் எதிரிழையில் டி; ஜி என்றால் சி. ஏ/ஜி மாறுபாட்டை எதிரிழையில் படித்தால் டி/சி என்று வரும், தவறு உடனே தெரிந்துவிடும். ஏ/டி மாறுபாடோ எந்த இழையில் படித்தாலும் ஏ/டி ஆகவே இருக்கும். மேலே சொன்ன அரிவாள் செல் மாறுபாடே இதற்கு எடுத்துக்காட்டு. மரபணுவின் வாசிப்பில் ஏ என்பது டி ஆகிறது. ஆனால் அந்த மரபணு எதிரிழையில் அமைந்திருப்பதால் மேற்கோள் ஜீனோமில் டி என்பது ஏ ஆனதாக எழுதப்படுகிறது. இழையைக் குறிக்காமல் வந்த தரவில் "ஏஏ" என்று கண்டால் அது முழு நலமுள்ளவரையும் குறிக்கலாம், நோயாளியையும் குறிக்கலாம். இத்தகைய மாறுபாடுகளை அல்லீல் அதிர்வெண்ணோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள், அதிர்வெண் 0.5ஐ நெருங்கி அதுவும் உதவாதபோது நீக்கிவிடுங்கள்.

அதே மாறுபாட்டின் முகவரி, 2009இல் வந்த ஜிஆர்சிஎச்37 பதிப்பில் 11ஆம் குரோமோசோமில் 5,248,232 என்றும், 2013இல் வந்த ஜிஆர்சிஎச்38 பதிப்பில் 5,227,002 என்றும் இருக்கிறது. எந்தப் பதிப்பு என்று எழுதாத கோப்பை அனுப்பியவரிடமே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள், ஊகிக்காதீர்கள்.

முடிவை விளக்குவது

ஜீனோம் முழுவதும் ஏறத்தாழ பத்து லட்சம் சுயேச்சையான சோதனைகள் நடப்பதாகக் கொண்டு, 0.05ஐ அதனால் வகுத்துப் பெற்ற 5×10⁻⁸ என்ற எல்லையே வழக்கில் உள்ளது. அதைக் கடந்த ஒவ்வொரு மாறுபாட்டுக்கும் கொத்துப் படத்தைத் திறந்து கண்ணால் பாருங்கள். மிகச் சிறிய பி-மதிப்போடு முதலிடத்தில் நிற்கும் மாறுபாட்டுக்கு அக்கம்பக்கத்தில் துணை மாறுபாடு ஒன்றும் இல்லையென்றால் அது பெரும்பாலும் அளவீட்டுப் பிழையே. வேறொரு மக்கள் தொகுப்பில் மீண்டும் கண்ட பிறகே அதைக் கண்டுபிடிப்பு என்று சொல்லலாம். அருகிலுள்ள மரபணுவே காரணம் என்று எழுதிவிடவும் கூடாது: உடல் பருமனோடு தொடர்புடையதாக எஃப்டிஓ மரபணுவுக்குள் கண்ட மாறுபாடுகள், தொலைவிலுள்ள ஐஆர்எக்ஸ்3 மரபணுவின் செயல்பாட்டோடு இணைந்திருப்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

அரிய நோய்க்குக் காரணமாக ஒரு மாறுபாட்டைச் சுட்டும் முன், நோமேட் போன்ற அதிர்வெண் தொகுப்புகளில் அது எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று பார்ப்பது அவசியம். ஓர் அல்லீல் மாறினாலே நோய் வரும் என்று கருதும் நிலையில், நோய் எவ்வளவு பரவலோ அதைவிட மிக அதிகமாக மாறுபாடு பரவியிருந்தால் அது தனித்த காரணமாக இருக்க வாய்ப்பில்லை. ஆனால் நோயாளி சார்ந்த மக்கள் குழு அந்தத் தொகுப்பில் போதிய அளவு இடம்பெற்றிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். 2016இல் எடுத்த கணக்கின்படி, முழு ஜீனோம் தொடர்பு ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் ஏறத்தாழ 81 சதவீதத்தினர் ஐரோப்பிய மரபினர். தொகுப்பில் காணப்படவில்லை என்பதால் ஒரு மாறுபாடு அரியது என்று ஆகிவிடாது. அந்த மக்களை இதுவரை யாரும் அளக்காமல் விட்டிருக்கலாம்.

தரவைக் காப்பதும் பகிர்வதும்

பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டால் மரபணுத் தரவு அடையாளமற்றதாகிவிடும் என்று எண்ணுவது தவறு. ஒன்றையொன்று சாராத 30 முதல் 80 மாறுபாடுகளே ஒருவரைத் தனித்து அடையாளம் காணப் போதும் என்று 2004இலேயே கணக்கிடப்பட்டது. ஒரு குழுவின் மொத்த அல்லீல் அதிர்வெண்களை மட்டும் வெளியிட்டால்கூட, ஜீனோடைப் தெரிந்த ஒருவர் அந்தக் குழுவில் இருந்தாரா என்று கண்டறிய முடியும் என்பதை 2008இல் ஓர் ஆய்வு காட்டியது; அதைத் தொடர்ந்து அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் தன் டிபிகேப் களஞ்சியத்தில் பொதுவில் வைத்திருந்த அத்தகைய தொகுப்புகளை நீக்கியது. ஆகவே தனிநபர் தரவை டிபிகேப், ஐரோப்பிய இ.ஜி.ஏ. போன்ற அனுமதி பெற்றே அணுகக்கூடிய களஞ்சியங்களில் வையுங்கள். பங்கேற்பாளரின் ஒப்புதல் படிவத்திலேயே பகிர்வு, மீண்டும் பயன்படுத்தல், எதிர்பாராமல் நோய் உண்டாக்கும் மாறுபாடு ஒன்று தெரியவந்தால் அவருக்குத் தெரிவிக்க வேண்டுமா என்பது ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். மூன்றையும் ஒரே கையெழுத்தில் அடக்குவது அவருக்கு நியாயமாகாது.

சேமிக்கும்போது இறுதி ஜீனோடைப் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு மூலக்கோப்புகளை அழித்துவிடாதீர்கள். சிப் தரவானால் சாயச் செறிவுக் கோப்புகளையும், வரிசையாக்கமானால் துணுக்குக் கோப்புகளையும், தட்டு அமைப்புப் பட்டியலையும், பயன்படுத்திய மென்பொருளின் பதிப்பு எண்ணையும், நீக்கிய மாதிரிகளை ஏன் நீக்கினீர்கள் என்ற குறிப்பையும் சேர்த்தே வையுங்கள். சில ஆண்டுகள் கழித்துக் கொத்து பிரிக்கும் நெறிமுறை மேம்படும்போதோ, ஒரு மாறுபாட்டைப் பற்றி ஐயம் எழும்போதோ, பங்கேற்பாளரிடம் மீண்டும் இரத்தம் கேட்காமலேயே அளவீட்டைத் திரும்பப் படிக்க அவை உதவும்.